மே/பா என் பெயர்

எட்டு வருஷத்துக்கு மேலாக நான் கடைசிப் பெட்டியில்தான் ஏறினேன். திருவள்ளூரிலிருந்து வரும் காலை வண்டி நெமிலிச்சேரிக்குள் நுழையும்போது, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சேர்ந்து ஏறும் பெட்டி ஒன்று முன்பக்கம் உண்டு. அண்ணனும் அதில்தான் ஏறுவார். அவர் பிளாட்பாரத்தில் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு, நான் பின்னாலேயே நடந்து போய்விடுவேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. எதிரே வந்தால், "என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்று வாய் நிறையச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எஸ்டேட்டில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் வைத்திருந்தார். ஒரு சிஎன்சி, இரண்டு பழைய லேத், நாலு பையன்கள். அவரைப் போன்ற ஐந்தாறு ஷாப்புகளுக்கு சிஎன்சி புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்கு முதல் வேலை கொடுத்தவர் அவர்தான். அதில் நான் ஒரு புள்ளியைத் தப்பாகப் போட்டு ஒரு டூலை உடைத்தபோது, "உடைஞ்சாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையையும் கொடுத்தார்.

2013 ஜனவரி கடைசி வாரம் பெங்களூரில் இம்டெக்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தும்கூர் ரோட்டில் நடக்கும் மெஷின் டூல் கண்காட்சி. லேத் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது திருவிழா மாதிரி. நாங்கள் ஆறு பேர் வேன் பேசிக்கொண்டு கிளம்பினோம். வெளிவட்டச் சாலை அப்போது திறக்கவில்லை. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரைக்குமான பகுதி அதற்கடுத்த வருஷம்தான் திறந்தது. அதனால் ஆவடி, பருத்திப்பட்டு, கரையான்சாவடி என்று சுற்றிப் பூந்தமல்லி போய் பெங்களூர் ரோட்டைப் பிடித்தோம். வேனில் ஏறும்போதே அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு ஒரு வருஷம் பின்னும் புஷ்ஷும் செய்து கொடுக்கும் டெண்டர் அது. 25-ம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குக் கெடு. கம்பிக்கு விலை சொல்ல வேண்டிய வியாபாரி இழுத்துக்கொண்டே இருந்ததால் ஊரில் இருக்கும்போது போட முடியவில்லை.

"விலை வந்ததும் ரூம்ல உக்காந்து போட்டுடலாம் தம்பி. நீதான் கூட இருக்கியே" என்றார்.

அந்த டெண்டர் கிடைத்தால் இரண்டாவது சிஎன்சி வாங்குவது என்று முடிவு செய்திருந்தார். கண்காட்சியிலேயே முன்பணம் கட்டுவதாகத் திட்டம். ஷாப்பில் அந்த மெஷினுக்கான இடத்தை அளந்து, தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு லாட்ஜில் மூன்று ரூம் கிடைத்தது. வரவேற்பு மேசையில் ஒரு பையன். இருபது வயசு இருக்கலாம். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டான். ஓசூர்ப் பக்கம் என்றான். வைஃபை இருக்கிறதா என்று கேட்டேன். மேசை அறையிலிருந்து ஒரு கட்டுக் கூப்பனை எடுத்தான்.

"ஒரு கூப்பன் நூத்தம்பது சார். இருபத்து நாலு மணி நேரம். ஒரு மெஷினுக்குத்தான் வரும்."

ஆறு பேருக்கு 900 ரூபாய். எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். அங்கேதான் எனக்கு ஆசை வந்தது. "ஒண்ணு வாங்குங்க போதும், மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குள் எழுந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது. இரும்பையும் எண்ணெயையும் தொட்டு வேலை செய்கிறவர்கள் நடுவில், கம்ப்யூட்டரைத் தவிர ஒன்றும் தொடாத எனக்கு அது ஒரு அபூர்வமான இடம்.

லாட்ஜ் வாசலில் காவலுக்கு நிற்கும் மென்பொருள் ஆளைப் பார்க்காது, மெஷினைப் பார்க்கும். ஒவ்வொரு வைஃபை அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே 12 இலக்கத்தில் ஒரு முகவரி எழுதி அனுப்புவார்கள். மேக் முகவரி என்று பெயர். கூப்பனில் இருக்கும் எண்ணை எந்த மெஷினில் தட்டுகிறோமோ, அந்த முகவரிக்கு மட்டும் கதவு திறக்கும். நான் செய்ததெல்லாம் என் லேப்டாப்பை அந்தக் கதவுக்குள் அனுப்பிவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கதவைத் திறந்ததுதான். விண்டோஸ் 7-ல் அதற்கு வசதி உண்டு. கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டினால் லேப்டாப்பே ஒரு வைஃபை பெட்டி ஆகிவிடும். மற்றவர்களுக்கு அது 192.168.137 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கும். வெளியே அவர்களுடைய எண் எதுவும் தெரியாது. போவதும் வருவதும் எல்லாம் என் மெஷின் பெயரில்தான்.

அந்தக் காலத்துக் கடிதங்களில் மே/பா என்று எழுதுவோமே, மேற்பார்வை, அதேதான். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற பையனுக்குக் கடிதம் வந்தால், அவன் பெயருக்குக் கீழே மே/பா என்று வீட்டுக்காரர் பெயர் இருக்கும். தபால்காரருக்கு அந்தப் பையன் யார் என்று தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்காரர் வாங்கி உள்ளே கொடுத்துவிடுவார். அன்றைக்கு லாட்ஜ் கணக்கில் நான்தான் அந்த வீட்டுக்காரர்.

விண்டோஸ் குறைந்தது எட்டு எழுத்தில் கடவுச்சொல் கேட்டது. 12345678 என்று வைத்தேன். வராந்தாவில் நின்று, மூன்று ரூமுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். எல்லாருக்கும் வந்தது. ஒருவர் வீட்டுக்கு ஸ்கைப்பில் பேசினார். மிச்சமான 750 ரூபாயில் அன்று ராத்திரி எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். அண்ணன் என் தோளைத் தட்டினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூப்பன் கொடுக்கும்போது அந்தப் பையன் என் வாக்காளர் அட்டை எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். எதற்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்பு, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது போன வழி, நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் பூட்டுப் போடாத வைஃபை. போலீஸ் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது பிறகு தெரிந்தது. அடுத்த வருஷமே தொலைத்தொடர்புத் துறை விதி போட்டது: பொது இடத்தில் வைஃபை கொடுத்தால், வாங்குகிறவர் யார் என்று அடையாள அட்டை மூலமோ செல்போன் மூலமோ தெரிந்திருக்க வேண்டும். பையன் நோட்டில் எழுதியது அந்த விதிப்படிதான். அவன் ஒரு ஆளுக்குத்தான் எழுதினான். அந்த ஒரு ஆளின் பெயருக்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த ஆளுக்கே தெரியாது என்று அவன் எப்படி நினைத்திருப்பான்?

வெள்ளிக்கிழமை மதியம் கம்பி விலை வந்துவிட்டது. புதுசாக ஒரு கூப்பன் வாங்கி, அதையும் என் மெஷினில் போட்டு, பழையபடி பின்கதவைத் திறந்து வைத்தேன். 2.10-க்கு அண்ணன் தன் லேப்டாப்பில் டோக்கனைச் செருகினார். டெண்டர் போடும் இணையதளம் திறந்தது. கையெழுத்து ஏறியது. 2.25-க்கு ஆவணங்களை ஏற்ற ஆரம்பித்தார். ஸ்கேன் செய்த தாள்கள், எல்லாம் சேர்ந்து 8 எம்பி. கூப்பனில் போட்டிருந்த வேகம் 512 கேபிபிஎஸ். அந்த ஜனவரியில் இந்தியாவில் 256 இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர்; 512 ஆக உயர்த்தியது அந்த வருஷம் ஜூலையில்தான். ஒரு ஆளுக்கு அது போதும். 8 எம்பி ஏற இரண்டேகால் நிமிஷம்.

2.35. பச்சைக்கோடு கால்வாசிகூட நகரவில்லை.

"என்ன தம்பி, லைன் இழுக்குது?"

"வந்துடும்ண்ணா."

என் லேப்டாப்பில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். யார் யார் என் பின்னால் இருக்கிறார்கள் என்று கேட்கும் வரியைத் தட்டினேன். வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் விழுந்தது. நான் எதிர்பார்த்தது ஐந்து. எங்கள் ஆட்களின் நாலு லேப்டாப், ஒரு டேப்லெட். அதில் இருந்தது ஒன்பது.

ஒன்பது வரிகள். ஒவ்வொன்றும் 12 இலக்கம், நடுவில் புள்ளிகள், கடைசியில் 'அனுமதிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு சொல். அனுமதித்தவன் நான். முதலில் நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். விரலைத் திரையில் வைத்து மறுபடி எண்ணினேன். ஒன்பது. எந்த எண் யாருடையது என்று எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அண்ணனுடையது இதில் எது? பக்கத்தில் உட்கார்ந்து மேலுதட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரும், வராந்தாவில் எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத நாலு பேரும் அந்தப் பட்டியலில் ஒரே மாதிரி இருந்தார்கள். எங்களில் ஒருவர் எதிர் ரூமில் தங்கியிருந்த தெரிந்த வியாபாரிக்கு 12345678-ஐச் சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் யாருக்கோ சொல்லியிருக்கிறார். பக்கத்து ரூமிலிருந்து டிவிச் செய்தி வாசிக்கும் குரல் யூடியூபில் விட்டு விட்டு வந்தது. அந்த வாரம் தமிழ்நாட்டில் விஸ்வரூபம் படத்துக்குத் தடை. எங்கள் ஆட்கள் எல்லாரும் அதைத்தான் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 512-ஐ ஒன்பது பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மணி 2.41. இதை நான் எத்தனையோ ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கீழே ஓடிப்போய் 150 ரூபாய் கொடுத்து அண்ணன் மெஷினுக்கென்று தனியாக ஒரு கூப்பன் வாங்கி வர மூன்று நிமிஷம். மறுபடி உள்ளே நுழைந்து கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம். ஆவணம் ஏற இரண்டேகால். பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். 2.51. ஒன்பது நிமிஷம் மிச்சம்கூட இருந்திருக்கும்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால், "எதுக்குப்பா தனிக் கூப்பன்?" என்று அவர் கேட்பார். நான் சொல்ல வேண்டியிருக்கும். நேற்று ராத்திரி தட்டிய தோள் இது. அந்தத் திரையைச் சின்னதாக்கி ஓரத்தில் தள்ளிவிட்டு, "லாட்ஜ் லைன்தான் சரியில்லண்ணா, இதோ வந்துடும்" என்றேன். பக்கத்து ரூமுக்குப் போய் யூடியூபை நிறுத்தச் சொன்னேன். அவர்கள் நிறுத்தினார்கள். மீதி நாலு பேரிடம் எங்கே போய்ச் சொல்வது?

2.54-க்கு அந்தத் தளம் அண்ணனை வெளியே தள்ளியது. மறுபடி நுழைந்தார். 2.58-க்குப் பாதி ஏறியிருந்தது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது, கெடு முடிந்தது என்று. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். டோக்கனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பையின் பட்டனைப் போட்டார். எழுந்து கீழே போனார். நானும் பின்னால் போனேன்.

"காசு வாங்கத் தெரியுதுல்ல? லைன் குடுக்கத் தெரியாது? ஒரு வருஷ வேலைடா, ஒரு வருஷ வேலை போச்சு. உன்ன மாதிரி ஆளெல்லாம் எதுக்குடா இந்த மேசையில உக்கார்றீங்க?"

பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவர் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பையன் எழுந்து நின்றுவிட்டான். "மத்த ரூம்ல எல்லாம் ஓடுது சார்" என்றான் மெதுவாக. நோட்டைப் புரட்டினான். ஒரு வரியில் விரலை வைத்தான். "உங்க மூணு ரூமுக்கும் ஒரு கூப்பன்தான் சார் இருக்குது. எத்தனை மெஷின் சார் போட்டீங்க?"

கேட்டது அண்ணனை இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் நீல மை ஒட்டியிருந்தது.

"கேள்வி வேற கேக்கறியா?" என்றார் அண்ணன்.

சத்தம் கேட்டு மேனேஜர் உள்ளேயிருந்து வந்தார். கண்காட்சி நேரம், வாசலில் நாலு பேர் ரூமுக்கு நிற்கிறார்கள். அவர் எதையும் விசாரிக்கவில்லை. பையனிடம் கன்னடத்தில் ஏதோ அதட்டினார். அவன் எங்களிடம் மன்னிப்புக் கேட்டான். அன்றைய கூப்பன் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அதை அவன் கணக்கில் பிடித்துக்கொள்வதாக எங்கள் காதுபடத் தமிழிலேயே சொன்னார். பையன் அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, 150 ரூபாயை எண்ணி நீட்டினான். கூப்பன் என் பெயரில் இருந்ததால் என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் அந்த முறை முன்பணம் கட்டவில்லை. இரண்டாவது மெஷின் வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. அதுவரைக்கும் புரோகிராம் கொடுக்க ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த மஞ்சள் கட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பேன். பையன்கள் அதற்குள் துருவல் மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பெயின்ட் தேய்ந்துகொண்டே வந்தது. ஷாப்புக்குப் போவதை நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன். புரோகிராமை மெயிலில் அனுப்பினேன். ரயிலில் பெட்டி மாறினேன்.

2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடியபோது, எங்கள் வீட்டில் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்த ஒரு அம்மா ஒரு நாள் படியேறி வந்தார். மகளுக்கு ஆன்லைன் வகுப்பாம், போனில் டேட்டா தீர்ந்துவிடுகிறதாம். "உங்க வைஃபை நம்பர் குடுத்தா பாப்பா உக்காந்து படிச்சுக்கும் தம்பி" என்று கேட்டார். கொடுக்காமல் எப்படி? அந்தப் பெண்ணுக்கென்று தனிப் பெயரில் ஒரு வழி போட்டு, நீளமாக ஒரு கடவுச்சொல் வைத்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லும்போது என் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்குத் தேர்வு இருக்கிற நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் படம் பார்ப்பதில்லை. ஒரு தேர்வன்று, அவள் பதிலெல்லாம் ஏறிவிட்டது என்று கீழேயிருந்து கத்திச் சொன்னாள். நான் சமையலறையில் நின்றுகொண்டு மணியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ததற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வண்டிகள் மறுபடி வழக்கம்போல ஓடத் தொடங்கிய 2021 கடைசியில், ஒரு நாள் முன்பக்கம் நடந்தேன். அண்ணனுக்கு நரை கூடியிருந்தது. பையை மடியில் எடுத்து வைத்து எனக்கு இடம் கொடுத்தார். பட்டாபிராமில் ஆரம்பித்தேன். இந்துக் கல்லூரியில் கறுப்புத் திரை வரைக்கும் வந்துவிட்டேன். ஆவடியில் பெருங்கூட்டம் ஏறியது. நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அண்ணனூர் தாண்டும்போது, "ஒன்பது மெஷின்ண்ணா" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமுல்லைவாயல் போனது. அம்பத்தூர் வந்தது.

"டெண்டர் போனா போவுது தம்பி" என்றார். "அப்புறம் எவ்வளவோ வந்துச்சு. அந்தப் பையனை நான் என்னென்ன பேசுனேன், ஞாபகம் இருக்குதா உனக்கு?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது.

"நீ பக்கத்துலயே நின்னியேப்பா."

பட்டரவாக்கத்தில் இறங்கினோம். எஸ்டேட் ரோடு வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. பிரியும் இடத்தில் நான், "அண்ணா" என்றேன். அவர் கையை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அதே பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே அந்த லாட்ஜ் பில். ஷாப் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பில்லைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை. மூன்று ரூம், மூன்று நாள். கீழே இன்டர்நெட் கூப்பன் 2, 300 ரூபாய். ஒன்றை நீல மையில் அடித்து 150 கழித்து, பக்கத்தில் கையெழுத்து. பில் முழுக்க ஆங்கிலம், கையெழுத்து மட்டும் தமிழில். முதல் எழுத்து 'மு' என்று தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒரு சுழி, ஒரு கோடு. முருகேசனா, முனியப்பனா, முத்துவா, எத்தனை முறை பார்த்தும் பிடிபடவில்லை.

"நம்பர் இருக்குதே, அடிச்சுப் பாத்தியா?"

அங்கேயே அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அடித்தேன். அதே குரல்.

"அட்ரஸ் இருக்குதுல்ல. கடுதாசி போடு" என்றார் அண்ணன். "என் பேரையும் சேத்து எழுது. திட்டுனது நான்தானே."

அன்று ராத்திரி எழுதினேன். நடந்தது முழுவதையும், மணி நிமிஷத்தோடு. மேனேஜர் படித்தாலும் புரியும்படி எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். 150 ரூபாயை எப்படி அனுப்புவது என்று மட்டும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேர் போன் எண்ணையும் எழுதி வைத்தோம். உறையை ஒட்டிவிட்டுப் பேனாவை எடுத்தேன். முதல் வரியில் 'மு' என்று எழுதி, நின்று, ஒரு புள்ளி வைத்தேன். அதற்கடுத்த வரியில் மே/பா என்று போட்டு லாட்ஜின் பெயரை எழுதினேன்.